விமானம் விழுந்து ஆளில்லாத் தீவில் ஒதுங்கினால், அங்கே தலைவர் யார்?

வெண்ணிலவன் எழுதியது:

வணக்கம். ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். விமானம் கடலில் விழுகிறது, நாற்பது பேர் ஆளில்லாத தீவு ஒன்றில் கரையேறுகிறார்கள். ஏழு அத்தியாயம் மளமளவென்று ஓடிவிட்டது. எட்டாவதில் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து மோத வேண்டும், அங்கேதான் வண்டி நிற்கிறது. என் வில்லன் ஆறடி உயரம், கையில் எப்போதும் ஓர் இரும்புக் கம்பி. படித்துப் பார்த்த என் மனைவி, "நாற்பது பேர் சேர்ந்து இவன் ஒருத்தனுக்கு ஏன் பயப்படணும்? ராத்திரி தூங்கும்போது தலையில ஒரு கல்லைப் போட்டா கதை முடிஞ்சுது" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதனால் இங்கே கேட்கிறேன். நிஜமாகவே இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்குள் அதிகாரம் ஒருவர் கைக்கு எப்படிப் போனது? விமானமோ கப்பலோ, எதுவானாலும் சரி. சினிமாக் கதை வேண்டாம், நடந்தது வேண்டும்.

கடலோடி எழுதியது:

சட்டப்படி இதற்கு ஒரே வரியில் பதில் உண்டு, தம்பி. 1963ஆம் ஆண்டு டோக்கியோ உடன்படிக்கைப்படி, விமானம் வேறு வழியின்றி எங்காவது இறங்க நேர்ந்தால், ஒரு நாட்டின் அதிகாரிகள் வந்து விமானத்தையும் ஆட்களையும் பொருட்களையும் பொறுப்பேற்கும் வரை கேப்டனின் அதிகாரம் தொடரும். ஆக உங்கள் கேப்டன் பிழைத்திருந்தால் காகிதத்தில் அவர்தான் தலைவர். காகிதத்தைக் குடிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

நான் சரக்குக் கப்பலில் இருபது வருடம் ஓடியவன். எங்கள் உயிர்காப்புப் படகில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் இருக்க வேண்டும், காற்றடைத்த ராஃப்டில் 1.5 லிட்டர். முதல் 24 மணி நேரம் காயம்பட்டவர்களைத் தவிர யாருக்கும் ஒரு சொட்டுகூடக் கிடையாது என்றுதான் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அப்புறமும் அளந்துதான். அளக்க, கோடு போட்ட குவளை ஒன்று ராஃப்டிலேயே இருக்கும்.

ஒருமுறை டிரில் முடிந்ததும், கெடு தாண்டிய தண்ணீர் பாக்கெட்டுகளைப் பிரித்து விளையாட்டாகப் பங்கு போட்டோம். பத்தே நிமிடம். யாருக்கும் தாகமில்லை, பத்தடி தள்ளி மெஸ்ஸில் ஃப்ரிட்ஜ் நிறையத் தண்ணீர். அப்படியும் எல்லோர் கண்ணும் குவளையைப் பிடித்திருந்த பையனின் கட்டைவிரல்மேல்தான். கோட்டுக்கு மேலே ஊற்றுகிறானா, கீழே நிறுத்துகிறானா? கப்பலிலேயே அவன்தான் ஜூனியர். காலையில் அவனை வாடா போடா என்றவர்கள் அந்தப் பத்து நிமிடம் "தம்பி, தம்பி" என்றார்கள். உங்கள் வில்லன் கையில் இரும்புக் கம்பி எதற்கு?

சந்தேகசாமி எழுதியது:

எங்கள் அடுக்குமாடியில் லாரித் தண்ணீர் வரும் நாளில் வந்து பாருங்கள், வெண்ணிலவன். தீவுக்கெல்லாம் போக வேண்டியதில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நீங்கள் தேடுவது பட்டாவியா என்ற கப்பலின் கதை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் புத்தம் புதுக் கப்பல் அது. 1628 அக்டோபர் கடைசியில் நெதர்லாந்திலிருந்து முதல் பயணமாகக் கிளம்பியது. இன்றைய ஜகார்த்தாதான் போய்ச் சேர வேண்டிய ஊர், அன்றைக்கு அதன் பெயரும் பட்டாவியா. 1629 ஜூன் 4 விடியுமுன், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் அப்ரோல்யோஸ் தீவுகளின் பவளப்பாறையில் ஏறி நின்றுவிட்டது. கப்பலில் ஏறக்குறைய 340 பேர்: சிப்பாய்கள், மாலுமிகள், பெண்கள், குழந்தைகள், குடும்பத்தோடு வந்த ஒரு பாதிரியார். நாற்பது பேர் போல மூழ்கினார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் மரமோ ஊற்றோ இல்லாத பவளத் திட்டுகளில் ஒதுங்கினார்கள்.

தளபதி பெல்சர்ட்டும் கப்பலை ஓட்டிய யாகப்ஸும் இருந்த இரண்டு படகுகளையும் எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிக் கிளம்பினார்கள். எங்கும் கிடைக்கவில்லை. அப்படியே 48 பேரோடு 33 நாள் திறந்த கடலில் ஓட்டி ஜாவா போய்ச் சேர்ந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. கடலோடி இதை மெச்சுவார். திட்டில் விட்டுவந்தவர்கள் மெச்சவில்லை. படகு கிளம்பிய இடத்துக்கே துரோகிகள் தீவு என்று பெயர் வைத்தார்கள்.

மிச்சமிருந்தவர்களில் பதவியில் பெரியவர் உதவி வணிகர் யெரோனிமுஸ் கார்னெலிஸ். ஹார்லெம் நகரில் மருந்துக்கடை வைத்து நொடித்துப்போனவர். நீச்சல் தெரியாது. உடைந்த கப்பலிலேயே ஒன்பது நாள் தொற்றிக்கொண்டிருந்து, கடைசியில் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு கரை ஒதுங்கினார். அதற்குள் தாகத்தால் சிலர் செத்து, மழை பெய்து, மற்றவர்கள் ஒரு சபை அமைத்துத் தண்ணீரையும் ரொட்டியையும் ஒழுங்காகப் பங்கிட ஆரம்பித்திருந்தார்கள். நனைந்த கோழியாக வந்தவரைத் துவட்டி, சபைக்குத் தலைமையும் கொடுத்தார்கள். பெரிய அதிகாரியாயிற்றே!

வெண்ணிலவன், உங்கள் எட்டாவது அத்தியாயம் இங்கே தொடங்குகிறது. அவர் முதலில் செய்தது கணக்கு. இருக்கிற ரொட்டி, ஒயின், தண்ணீர் எல்லாவற்றையும் தன் கூடாரத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். ஆயுதங்களும் அங்கேயே வந்தன. மரத்துண்டுகளால் கட்டிய சிறு படகுகளும் தெப்பங்களும் அவர் உத்தரவில்லாமல் நகரக் கூடாது. அடுத்து, "இத்தனை பேர் ஓரிடத்தில் இருந்தால் தண்ணீர் போதாது" என்று சொல்லி ஆட்களைத் தீவு தீவாகப் பிரித்தார். கேட்பதற்கு எவ்வளவு நியாயம்! நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒரு திட்டுக்கு, கொஞ்சம் பேரை இன்னொன்றுக்கு. தனக்கு ஆபத்தாகக்கூடிய இருபது சிப்பாய்களை வீபே ஹேஸ் என்ற சாதாரண சிப்பாயோடு தூரத்துத் தீவுக்கு அனுப்பினார், தண்ணீர் தேட என்று சொல்லி, கையில் ஆயுதமே இல்லாமல். "தண்ணீர் கண்டால் புகை போடுங்கள், வந்து அழைத்துக்கொள்கிறோம்." தாகத்தில் முடிந்துபோவார்கள் என்று நினைப்பு.

அப்புறம் பழைய சபையைக் கலைத்துத் தன் ஆட்களைப் போட்டார். கொலைகள் தொடங்கின. முதலில் ரகசியமாக, தெப்பத்தில் அழைத்துப்போய்த் தள்ளிவிடுவது. பிறகு இரவில். பிறகு பட்டப்பகலில். குறைந்தது 115 பேர். பாதிரியாரின் மனைவியும் பிள்ளைகளும் ஒரே இரவில் போனார்கள், ஒரு மகள் மட்டும் தப்பினாள். கார்னெலிஸ் தன் கையால் ஒருவரைக்கூட வெட்டவில்லை. ஒரு கைக்குழந்தைக்கு விஷம் கலந்து கொடுத்துப் பார்த்தார், மருந்துக்கடைக்காரர் அல்லவா. அதுகூடச் சரியாக வேலை செய்யவில்லை, வேறு ஆளை விட்டு முடித்தார்கள்.

வெண்ணிலவன் எழுதியது:

படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன், ஐயா. ஆனால் மனைவியின் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அந்தத் திட்டில் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் இருந்திருப்பார்கள். ஏன் ஒருவரும் கல்லைத் தூக்கவில்லை?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நூற்றைம்பது பேர் ஒன்றாக ஓரிடத்தில் நின்ற நாளில் அவர் ஒரு கொலையும் செய்யவில்லை. சிப்பாய்களை அனுப்பிய பிறகுதான் தொடங்கினார். முதலில் செத்தவர்களைத் திருடர்கள் என்றார்கள்: ஒயின் பீப்பாயைத் திறந்தார்கள், படகைத் திருடப் பார்த்தார்கள் என்று. பசியில் இருப்பவனுக்குத் திருடனைத் தண்டிப்பது தப்பாகத் தெரியுமா? மற்றவர்கள் தலையாட்டியிருப்பார்கள். உண்மை தெரிந்தபோது எண்ணிக்கை கவிழ்ந்துவிட்டது.

இன்னொன்று, சத்தியப் பத்திரம். தன்னைத் "தலைமைத் தளபதி" என்று அறிவித்து, விசுவாசமாக இருப்போம் என்று ஆட்களிடம் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துப் போட்டவனைக் கூப்பிட்டு, "அதோ அவனை முடி" என்பது அடுத்த படி. முடித்துவிட்டால் அவனும் கூட்டாளி, இனி மீட்புக் கப்பல் வந்தால் அவனுக்கும் தூக்குக் கயிறுதான். உங்கள் வில்லன் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம், வெண்ணிலவன். அவன் செத்தால் தங்கள் கதியும் அவ்வளவுதான் என்று நினைக்கிற முப்பது பேர் காவலுக்கு இருப்பார்கள்.

கரையில் கிடைத்த கம்பெனிச் சரக்கிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துத் தங்கச் சரிகை வைத்துச் சீருடை வேறு தைத்துக்கொண்டார்கள். குடிக்க மழைத்தண்ணீர், உடம்பில் சரிகை.

சந்தேகசாமி எழுதியது:

கதை ஜோர். ஆனால் இதை எழுதி வைத்தது யார்? திரும்பி வந்த பெல்சர்ட். அத்தனை பேரையும் விட்டுவிட்டுப் படகேறியவர், கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவருக்கு ஒரு பேய் தேவைப்பட்டிருக்கும். விசாரணையில் தண்ணீர் ஊற்றிச் சித்திரவதை செய்துதான் வாக்குமூலம் வாங்கினார்கள் என்றும் படித்திருக்கிறேன். கார்னெலிஸ் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. கூட்டாளிகள் தங்கள் பங்கையும் அவர் தலையில் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நியாயமான சந்தேகம். சித்திரவதை உண்மை. கார்னெலிஸும் பல தடவை ஒப்புக்கொண்டு, பல தடவை மறுத்தார். ஆனால் பெல்சர்ட்டின் குறிப்பு மட்டும்தான் ஆதாரம் என்று நினைக்க வேண்டாம். பிழைத்த பாதிரியார் எழுதிய கடிதம் இருக்கிறது. 1963இல் உடைந்த கப்பலைக் கண்டுபிடித்த பிறகு தீவைத் தோண்டியதில், வெட்டுப்பட்ட மண்டையோடுகளோடு எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. கப்பலின் மரப்பகுதியை ஃப்ரீமேண்டில் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

மல்லிகா டீச்சர் எழுதியது:

எல்லோரும் கொலைகாரனையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். அந்த வீபே ஹேஸ் என்ன ஆனார்? பாதியில் விட்டால் எப்படி?

ஏட்டுச்சுவடி எழுதியது:

மன்னிக்கணும் டீச்சர். ஹேஸின் ஆட்கள் தீவெல்லாம் அலைந்து ஏறக்குறைய இருபது நாள் கழித்து நல்ல தண்ணீர் கண்டார்கள். சொன்னபடி புகை போட்டார்கள். யாரும் வரவில்லை. மாறாக, வெட்டுக்குத் தப்பியவர்கள் கட்டையைப் பிடித்துக்கொண்டு நீந்தி வந்து சேர்ந்து நடந்ததைச் சொன்னார்கள். சாகட்டும் என்று அனுப்பிய தீவில் கிணறு இருந்தது, பறவை முட்டை இருந்தது, கங்காரு மாதிரியான சின்ன வல்லபிகளும் துள்ளிக்கொண்டிருந்தன. மற்ற தீவில் தலைமைத் தளபதி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். கரை ஒதுங்கிய மரத்தில் ஆணி அடித்து ஈட்டி செய்தார்கள். சுண்ணாம்புப் பாறைப் பலகைகளை அடுக்கி மறைப்புச் சுவர் எழுப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கட்டியவற்றில் மிகப் பழையது அந்தச் சுவர்தான், இன்றும் நிற்கிறது.

இரண்டு தாக்குதல் தோற்றன. செப்டம்பர் 2 அன்று கார்னெலிஸே சமாதானம் பேச வந்தார். துணியும் ஒயினும் தருகிறேன், படகைக் கொடுங்கள் என்று பேரம். பேச்சுத் திறமையில் அவருக்கு அத்தனை நம்பிக்கை, நாலைந்து பேரோடு கரையிறங்கிவிட்டார். ஹேஸின் ஆட்கள் பாய்ந்து பிடித்தார்கள். கூட வந்தவர்களில் ஒருவன் தப்பினான், மற்றவர்கள் செத்தார்கள். அந்தத் "தலைமைத் தளபதி"யை ஒரு பாறைக் குழியில் போட்டு, பிடித்துவந்த பறவைகளுக்கு இறகு பிடுங்க வைத்தார்கள்.

செப்டம்பர் 17இல் பெல்சர்ட் மீட்புக் கப்பலோடு வந்தபோது இன்னொரு தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. பாயைப் பார்த்ததும் இரண்டு கோஷ்டியும் படகில் பாய்ந்தன. யார் முதலில் கப்பலைத் தொடுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் நடந்த கதை. ஹேஸ் முந்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு உடையும் சரிகையுமாக மற்றவர்கள் துடுப்புப் போட்டு வர, கப்பல் பீரங்கி அவர்கள் பக்கம் திரும்பியது. கார்னெலிஸுக்கு இரண்டு கைகளையும் வெட்டி அக்டோபர் 2இல் தூக்கு, கூட ஆறு பேருக்கும் தூக்கு.

மல்லிகா டீச்சர் எழுதியது:

நன்றி. இப்போது என் பங்கு. மனிதனைத் தீவில் விட்டால் மிருகமாகிவிடுவான் என்று வெண்ணிலவன் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1965இல் டோங்கா நாட்டில் விடுதிப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர், பள்ளி அலுத்துப்போய், ஒரு படகைத் திருடிக்கொண்டு கிளம்பினார்கள். (என் வகுப்பில் சிலர் முகம் நினைவுக்கு வருகிறது.) புயலில் பாய் கிழிந்து எட்டு நாள் மிதந்து, ஆட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். பதினைந்து மாதம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து தோட்டம், சமையல், காவல் என்று முறை வைத்தார்கள். மரத்தைக் குடைந்து மழைநீர் பிடித்தார்கள். மூட்டிய தீயை அணையவே விடவில்லை. இருவருக்குள் சண்டை வந்தால் தீவின் ஆளுக்கொரு பக்கம் போய்க் கோபம் ஆறிய பிறகுதான் திரும்ப வேண்டும். ஒருவன் கால் ஒடிந்தபோது மற்றவர்கள் குச்சி வைத்துக் கட்டினார்கள், அவன் வேலையையும் பங்கிட்டுக்கொண்டார்கள். 1966 செப்டம்பரில் ஓர் ஆஸ்திரேலியரின் படகு கண்டுபிடித்தபோது ஆறு பேரும் திடமாக இருந்தார்கள். வீட்டுக்கு வருமுன் படகுத் திருட்டுக்காகக் கொஞ்சம் ஜெயிலில் இருக்க வேண்டிவந்தது.

சந்தேகசாமி எழுதியது:

டீச்சர், ஆறு பேர், ஒரே பள்ளி, ஒரே மொழி, ஒரே கோயில். இங்கே 340 பேர், கூலிச் சிப்பாயும் கனவானும் பெண்களும் கலந்த கூட்டம். வீட்டுச் சண்டையையும் ஊர்ச் சண்டையையும் ஒரே தராசில் வைக்கலாமா?

கடலோடி எழுதியது:

அப்படியானால் ஆளுக்கொரு நாட்டுக்காரர்களாக ஐந்து பேர் சரிதானே? 1864 ஜனவரியில் நியூசிலாந்துக்குத் தெற்கே ஆக்லாந்து தீவில் கிராஃப்டன் என்ற சின்னக் கப்பல் உடைந்தது. ஓர் அமெரிக்கர், ஒரு பிரெஞ்சுக்காரர், ஓர் ஆங்கிலேயர், ஒரு நார்வேக்காரர், ஒரு போர்ச்சுகீசியர். முஸ்கிரேவ்தான் கேப்டன். கப்பலே இல்லை, இனி என்ன கேப்டன் என்ற முணுமுணுப்பு வருமுன் பிரெஞ்சுக்காரர் ரெய்னால் ஒரு யோசனை சொன்னார்: குடும்பத் தலைவர் மாதிரி ஒருவரைத் தேர்ந்தெடுப்போம், சரியில்லை என்றால் ஓட்டுப் போட்டு இறக்குவோம். முஸ்கிரேவையே தேர்ந்தெடுத்தார்கள். விதிகளைக் கேப்டனின் பைபிளில் வெற்றுப் பக்கத்தில் எழுதி, ஞாயிறுதோறும் படித்தார்கள். சமையல் ஆளுக்கொரு வாரம். ரெய்னால் சீட்டுக்கட்டு செய்தார். முஸ்கிரேவ் தோற்றால் முகம் சுளிப்பார் என்று தெரிந்ததும் ரெய்னாலே அந்தக் கட்டை அழித்துவிட்டார். என்னைக் கேட்டால் அந்தத் தீவில் நடந்த மிகப் பெரிய அரசியல் காரியம் அதுதான். இருபது மாதம் கழித்து ஐவரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

அதே தீவின் வடக்கு முனையில் அதே ஆண்டு மே மாதம் இன்வர்கால்ட் என்ற இன்னொரு கப்பல் உடைந்தது. கரையேறியது 19 பேர், ஓராண்டு கழித்துப் பிழைத்தது 3 பேர். இரண்டு கூட்டத்துக்கும் மற்றது இருப்பதே தெரியாது.

சந்தேகசாமி எழுதியது:

அதுவும் சரியான ஒப்பீடு இல்லை, அண்ணா. கிராஃப்டன் கரையோரம் சாய்ந்து கிடந்தது. துப்பாக்கி, கருவி, பாய்த்துணி எல்லாம் கிடைத்தன. இன்வர்கால்ட் செங்குத்துப் பாறையடியில் சுக்குநூறாக உடைந்தது, அதுவும் குளிர்காலம் நெருங்கும்போது. சட்டைப் பையில் இருந்ததுதான் சொத்து.

கடலோடி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அங்கே வேலை பார்த்தது, வழி தேடியது எல்லாம் ஹோல்டிங் என்ற சாதாரண மாலுமி. கேப்டனுக்குக் கடைசிவரை பதவி இருந்தது, செயல் இல்லை.

விமானம் கேட்டவருக்கு ஒன்று. 1972 அக்டோபர் 13, ஆண்டிஸ் மலையில் விழுந்த உருகுவே விமானம். தீவு இல்லைதான், சுற்றிலும் கடலுக்குப் பதில் பனி. 45 பேரில் 72 நாள் கழித்துப் பிழைத்தது 16 பேர். முதலில் ரக்பி அணித் தலைவர் மார்செலோ பெரெஸ் சொன்னதைக் கேட்டார்கள். இருந்த ஒயினை டியோடரண்ட் மூடியில் அளந்து கொடுத்தது அவர்தான். அக்டோபர் 29 பனிச்சரிவில் அவர் உட்பட எட்டுப் பேர் போனார்கள். அப்புறம் பொறுப்பு உறவுக்காரர் மூவர் கைக்குப் போனது. அவர்களில் ஒருவர் ஃபிட்டோ ஸ்ட்ராச். இருக்கையின் அலுமினியத் தகட்டை வெயிலில் சாய்த்துப் பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தவர். தண்ணீர் கொடுத்தவர் சொல்லைக் கேட்டார்கள், கார்னெலிஸ் தண்ணீரைப் பூட்டி வைத்துக் கேட்க வைத்தார்.

தீவுக்காரன் எழுதியது:

இழையை முழுக்கப் படித்தேன். விமானமும் தீவும் சேர்ந்த கதை ஒன்று, அனாதஹான் என்ற தீவில் நடந்தது. பசிபிக்கில் 1944இல் மூழ்கடிக்கப்பட்ட ஜப்பானியக் கப்பல்களிலிருந்து முப்பது ஆண்கள் வரை ஒதுங்கினார்கள், தீவில் ஒரு பெண். போர் முடிந்ததை நம்பாமல் 1951 வரை இருந்தார்கள். நடுவில் ஓர் அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானம் அந்தத் தீவின் மலையில் மோதியது. அதன் பாராசூட்டில் உடை தைத்தார்கள், தகட்டில் பாத்திரம் செய்தார்கள். அதுவரை எல்லோரும் ஏறக்குறைய சமம். இடிபாட்டில் கைத்துப்பாக்கி கிடைத்த பிறகு நிலைமை மாறியது. அது யாரிடம் இருந்ததோ அவன் பேச்சு எடுபட்டது, கொலைகளும் விழுந்தன.

வெண்ணிலவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து எட்டாவது அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். ஆறடி ஆள் இப்போது வில்லனின் காவல்காரன். வில்லன் ஒரு கணக்காளர். ஒல்லி, மூக்குக்கண்ணாடி, எல்லோரையும் "சார்" என்பார். முதல் நாளே தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கி எண்ணி ஒரு டைரியில் பெயர் போட்டு எழுதுகிறார். எல்லோரும் அவரைப் பாராட்டுகிறார்கள். நாலாம் நாள் டைரியில் இரண்டு பெயர்கள் விடுபட்டிருக்கின்றன.

மனைவி படித்தாள். இந்த முறை பேப்பரைத் திருப்பித் தரவில்லை. "அந்த டைரியைக் கடல்ல தூக்கி எறிய யாருமே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

கடலோடி எழுதியது:

எறிய ஆள் வரட்டும், ஒன்பதாவது அத்தியாயம் இருக்கிறதே. அதற்கு முன்னால் ஒரு திருத்தம். பாட்டில் என்று மட்டும் எழுதாதீர்கள், அரை லிட்டரா ஒரு லிட்டரா என்று எழுதுங்கள். நாற்பது பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்றால் 20 லிட்டர். உங்கள் கணக்காளரிடம் மொத்தம் எத்தனை பாட்டில் இருக்கிறது?